மூன்று தரம் கூப்பிடுகிறவள்

காலை பத்தரை மணிக்கு அவள் தொண்டையைச் செருமினால், நீதிமன்றத்துச் சுவர்க்கடிகாரம் ஒரு வினாடி நின்று, யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் மறுபடி ஓடும். சரி, கடிகாரம் நிற்பதில்லை. அது கொஞ்சம் கூடுதல். ஆனால் மாடி விளிம்பிலிருந்து புறாக்கள் பறப்பது சத்தியம். கீழே வண்டி நிறுத்துமிடத்தில் கண் அசந்திருக்கும் காவலாளி தன்னைத்தானோ என்று பதறி எழுந்து நிற்பதும் சத்தியம்.

பேர் கூப்பிடுவதுதான் அவள் வேலை. நீதிபதிக்கு முன்னால் வழக்குக் கட்டு பிரிந்ததும் இவள் வாசலுக்கு வருவாள். முதல் தரம் வாசற்படியில் நின்று. இரண்டாவது, தாழ்வாரத்தின் நடுவில் நின்று. மூன்றாவது, மாடிப்படியை எட்டிப் பார்த்து. அப்புறம் திரும்பி வந்து, "மூணு தரம் கூப்பிட்டாச்சுங்க, ஆள் இல்ல" என்பாள். அந்த ஒரு வரியில் சிலருக்கு வழக்கே போய்விடும். சிலரைத் தேடிப் போலீஸ் போகும். இருபத்திரண்டு வருஷத்தில் இரண்டோடு நிறுத்தியதில்லை, நாலுக்குப் போனதில்லை. அதனால் கட்டடம் முழுக்க அவளுக்குப் பேர் மூணுதரத்தக்கா. பெற்றவர்கள் வைத்த பேர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது.

ஒருமுறை ஓர் அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். "வண்டிய நிறுத்திட்டு வந்துக்கிட்டே இருக்கார், இன்னும் ஒரே ஒரு தரம் கூப்பிடும்மா!"

"நேத்து வராதவனுக்கு நாலாவது குடுத்தேனா? உங்களுக்கு மட்டும் எப்படிம்மா குடுக்கிறது?" என்றாள் அக்கா. பிறகு தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி, "நாலாவது ஒண்ணு இருக்குன்னு ஆயிட்டா, மூணாவதுக்கு என்ன மரியாதை?" என்றாள்.

வீட்டிலும் இதே சட்டம்தான். சாப்பாட்டுக்கு மூன்று தரம். அதற்குள் வராவிட்டால், கட்டிய புருஷனானாலும் ஆறினதைத்தான் சாப்பிட வேண்டும்.

தொண்டையை அவள் போற்றுகிற அழகைப் பார்க்க வேண்டும். வெந்நீர்ப் புட்டி இடுப்பைவிட்டு இறங்காது. பனிக்கட்டி போட்ட எதையும் தொடமாட்டாள். இருமல் மிட்டாய் ஒன்று எப்போதும் வாயில் இருக்கும். சொத்துத் தகராறு என்றால் இடது கன்னத்தில், அடிதடி என்றால் வலது கன்னத்தில் என்று ஒரு வக்கீல் சொல்கிறார். வக்கீல் சொன்னது, அதற்குத் தக்க அளவில் நம்பிக்கொள்ளலாம்.

அவளுக்கு இன்னொரு கிறுக்கும் உண்டு. எங்கே எதைச் சோதிக்கிறார்கள் என்றாலும் போய் நின்று கேள்வி கேட்பாள். நீதிமன்றத்தில் புதிதாக லிஃப்ட் மாட்டியபோது, ஆள் ஏறுவதற்கு முன் மணல்மூட்டைகளை ஏற்றி வெள்ளோட்டம் விட்டார்கள். "பாவம், இந்த மூட்டைங்க என்ன குத்தம் செஞ்சுது?" என்று விசாரித்தாள். "அறுந்து விழுந்தா மூட்டையோட போயிடும்க்கா, அதுக்குத்தான்" என்றான் மெக்கானிக். அன்று முழுக்க அவளுக்கு அதே யோசனை.

அவள் கணவர் தையல்காரர். வக்கீல்களுக்குக் கறுப்புக் கோட்டுத் தைக்கிறவர். பாதி தைத்த கோட்டை வக்கீலுக்கு மாட்டி, வாய் நிறையக் குண்டூசியோடு சுற்றிவந்து சாக்குக் கட்டியால் கோடு இழுப்பார். அதற்கும் ட்ரையல் என்றுதான் பேர்.

"உங்க கோர்ட்டு ட்ரையல்ல ஆளு தப்பான்னு பாக்குறாங்க. என் ட்ரையல்ல என் தையல் தப்பான்னு நான் பாக்குறேன். தப்புன்னா பிரிச்சுத் தைப்பேன், அவ்வளவுதான்" என்பார்.

"எங்க இடத்துல பிரிச்சுத் தைக்க முடியாது."

"அதனாலதான் உங்க இடத்துக்கு வர்றவன் மூஞ்சி அப்படி இருக்கு. என் கடைக்கு வர்றவன் கண்ணாடியப் பாத்துச் சிரிக்கிறான்."

இந்த மாதிரிப் பேச்சைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்கிற பழக்கம் அவளுக்கு உண்டு.

நீதிமன்றத்துக்கு நேர் எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம், விளையாட்டு மைதானம். அதை மேய்க்கிறவர் ஒரு விசில்காரர். வெயிலில் வெந்து செங்கல் நிறமாகிவிட்ட மனிதர். மூன்று வருஷத்துக்கு முன் ஒலிபெருக்கி செத்துப்போன ஒரு நாளில், சாலையைத் தாண்டி வந்த அக்காவின் குரலைக் கேட்டுவிட்டு நேரே படியேறி வந்தார். "உங்க தொண்டைய மத்தியான இடைவேளைக்கு மட்டும் கடன் குடுப்பீங்களா?" அதிலிருந்து அணிக்கு ஆள் எடுக்கும் நாட்களில், சாப்பாட்டு இடைவேளையில் இவள்தான் போய் ஓட்டக்காரர்களைக் கோட்டுக்குக் கூப்பிடுவாள். அங்கே பேர் கிடையாது. நெஞ்சில் குத்திய எண்தான். அங்கேயும் மூன்றே தரம். மூன்றாவதுக்குப் பிறகு மற்றவர்கள் கோட்டில் நின்றுவிட்டால், வராத எண்ணை விசில்காரர் சிவப்புப் பென்சிலால் அடித்துவிடுவார். இதைக் கேட்டபோது அக்காவுக்கு அயலூரில் அத்தை மகளைப் பார்த்த சந்தோஷம். "இங்கயும் மூணுதானா!"

போன வியாழக்கிழமை அவளுக்கு இரண்டு இடத்திலும் ஒரே ஆள் மாட்டியது.

சலவைக் கடையில் இஸ்திரி போடும் பெண். பத்தொன்பது வயது, உடம்பில் பாதி கால். வேன் ஒன்று சைக்கிள்காரரை இடித்துத் தள்ளிய வழக்கில் அவள் மூன்றாவது சாட்சி. காலையில் வாசலிலேயே அக்காவைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, ஒண்ணரைக்கு எதிர்ல எனக்கு எண்ணூறு மீட்டர் இருக்கு. அதுக்குள்ள விட்ருவாங்களா?"

"உள்ள போனா பதில்தான் உன் கையில, நேரம் இல்ல."

"இது போச்சுன்னா அவ்வளவுதான்க்கா. அடுத்த மாசம் இந்த அணிக்கு எனக்கு வயசு தாண்டிடும்."

"அப்போ கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. கதை அளக்காதே. கதை விடுவியான்னுதான் வக்கீல் வாயத் தொறந்துக்கிட்டு நிப்பார்."

பெண் கதை அளக்கவில்லை. ஹாரன் அடித்ததற்கும் வேன் இடித்ததற்கும் நடுவில் நாலு வினாடி இருந்தது, பிரேக் போட நேரம் இருந்தது என்று மட்டும் சொன்னாள். அங்கேதான் வினை பிடித்தது.

"நாலு வினாடி!" என்றார் வேன்காரருடைய வக்கீல். "மூணு இல்ல, அஞ்சு இல்ல, நாலு. கையில கடிகாரத்த வச்சுக்கிட்டா சாலையில நின்னீங்க?"

"இல்லங்க. நான் ஓடுறவ. வினாடி எனக்குக் கால்லயே தெரியும்."

"கால்லயா!"

எல்லோரும் சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். வாய்தா கேட்டே காது புளித்துப்போன மனிதருக்குப் புதிதாக ஏதோ கிடைத்துவிட்ட முகம். "கண்ண மூடிக்கம்மா. இப்போலேர்ந்து பத்து வினாடி. முடிஞ்சதும் சொல்லு" என்றார்.

அந்தப் பத்து வினாடியில் அந்த மன்றத்தில் மின்விசிறியைத் தவிர எதுவும் அசையவில்லை. அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு பெண்ணின் செருப்பைப் பார்த்தாள். குதிகால் மட்டும் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது. "முடிஞ்சுது" என்றபோது முள் பத்தில் காலை ஊன்றியிருந்தது. வக்கீல் விடவில்லை, இருபத்தைந்து கேட்டார். இருபத்தைந்தும் வந்தது. உடனே அவர் கையை உயர்த்தினார். இந்தச் சோதனையே செல்லாது, தன் ஆட்சேபணையை ஒவ்வொரு சொல்லாகப் பதிய வேண்டும் என்றார். பதியச் சொன்னார் நீதிபதி.

ஆக, பெண் ஜெயித்தது ஒரு சோதனை. அந்த ஜெயிப்பே அவளை இன்னொன்றுக்குத் தாமதமாக்கியது. ஒரு மணிக்கு மன்றம் கலைந்தபோது தட்டச்சுக்காரியின் மேஜையில் ஆறு தாள் வேலை மிச்சம் இருந்தது. சாட்சி ஒவ்வொரு தாளையும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் நகர முடியாது. அச்சு இயந்திரமோ தாளைப் பல்லில் கடித்துக்கொண்டு தர மறுத்தது. பெண் அக்காவை ஏறிட்டுப் பார்த்தாள். அக்கா வெந்நீர்ப் புட்டியை எடுத்துக்கொண்டு சாலையைக் கடந்தாள்.

ஒன்றரை மணி வெயில். எட்டு எண்கள் இருந்த பட்டியலில் ஏழு எண்கள் வந்து நின்றன.

"நாற்பத்தொன்று!" முதல் தரம், கோட்டோரம் நின்று.

விசில்காரர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார். அக்கா தணிந்த குரலில், "அந்தப் பொண்ணு எதிர்ல கையெழுத்துப் போட்டுக்கிட்டிருக்கு. அஞ்சு நிமிஷம் பொறுக்க முடியுமா?" என்று கேட்டாள்.

விசில்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்களா கேக்குறீங்க? உங்க ஆளு ஒருத்தன் எதிர்ல மைதானத்துல ஓடிக்கிட்டிருக்கான், கொஞ்சம் பொறுங்கன்னு நான் அங்க வந்து கேட்டா நீங்க பொறுப்பீங்களா?"

பொறுக்கமாட்டாள். அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். இருபத்திரண்டு வருஷமாக, தான் 'ஆள் இல்ல' என்று சொன்ன அத்தனை பேரும் எங்கோ ஓரிடத்தில் இருந்துகொண்டுதானே இருந்திருப்பார்கள் என்று முதல் தடவையாக அவளுக்குத் தோன்றியது. யார் யாரோ வண்டியை நிறுத்திக்கொண்டு, யார் யாரோ எங்கோ கையெழுத்துப் போட்டுக்கொண்டு. தப்பைப் பிரித்துத் தைக்கத் தன் புருஷன் கையில் இருக்கிற சாக்குக் கட்டி தனக்குக் கிடையாதே என்றும் தோன்றியது.

"மூணு தரம்னு சட்டம் இருக்கு, சரி. எங்க நின்னு கூப்பிடணும்னு இருக்கா?"

விசில்காரர் விதித்தாளைப் புரட்டினார். இல்லை.

அவர் தலையை நிமிர்த்துவதற்குள் அக்கா மைதானத்து வாசலில் இருந்தாள். "நாற்பத்தொன்று!" இரண்டாவது தரம். அப்புறம் சாலையைக் கடந்தாள். அதை நடை என்று சொன்னால் கால் கோபித்துக்கொள்ளும். நீதிமன்றத்துப் படியில் ஏறி நின்று, இடுப்பில் கையை ஊன்றி, மூச்சை அடிவயிற்றிலிருந்து இழுத்து, மூன்றாவது தரம். புறாக்கள் இருந்த இடம் தெரியவில்லை. ஒரு பேருந்து, நிறுத்தமில்லாத இடத்தில் நின்றது. மைதானத்தில் விசில்காரர் பென்சிலைத் தாளில் வைத்துவிட்டு, மற்ற ஏழு பேரையும் கோட்டுக்கு வரச்சொல்லிக் கையை ஆட்டினார்.

ஏழாவது ஆள் கோட்டை மிதிப்பதற்கு முன் படியில் இறங்கிப் பறந்து வந்தாள் பெண். பாதிச் சாலையில் செருப்பை உதறினாள். நாற்பத்தொன்றைச் சட்டையில் குத்திக்கொண்டே கோட்டுக்கு வந்தாள். விரலில் பேனா மை. கண் ஏன் சிவந்திருக்கிறது என்று கேட்க யாருக்கும் நேரமில்லை. எடுப்பது மூன்று பேரை. முதல் சுற்றில் கடைசியாக வந்தாள். இரண்டாம் சுற்றில் ஒவ்வொருவராகப் பின்னுக்குத் தள்ளி, கடைசி இருபது அடியில் தோளை முன்னால் எறிந்து மூன்றாவதாக வந்தாள். விசில்காரர் சிவப்புப் பென்சிலைப் பையில் போட்டுவிட்டு நீலப் பேனாவால் அவள் எண்ணை எழுதினார்.

மறுநாள் தேநீர்க் கடையில் அக்காவைச் சுற்றி ஆறேழு பேர். அங்கே ஓடிய கதையில் அந்தப் பெண் முதலாவதாகவே வந்துவிட்டாள். பேருந்து ஒன்று மூன்றாகிவிட்டது. அடுத்த மேஜையில் விசில்காரர் முதுகைக் காட்டியபடி தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தார்.

"என்ன அவசரம்னாலும் நம்ம கணக்கு மாறுமா? மூணே தரம்! மூணாவது காதுல விழுந்துச்சோ இல்லியோ, பொண்ணு பறந்து வந்துட்டா!" என்றாள் அக்கா.

தட்டச்சுக்காரியும் அந்தக் கூட்டத்தில் இருந்தாள். பிறர் சொன்னதைச் சொன்னபடி அடித்துக் கொடுத்தே வாழ்கிறவள். ஒரு காற்புள்ளி இடம் மாறினாலும் அவளுக்குத் தூக்கம் வராது. கோப்பையைக் கீழே வைத்தாள்.

"மூணு இல்லக்கா, நாலு."

அக்கா வாயில் இருந்த இருமல் மிட்டாய் அப்படியே நின்றது.

"மூணாவது எங்களுக்குக் கேக்கவே இல்ல. ஜன்னல் சாத்தியிருந்துச்சு, மிஷின் வேற கத்திக்கிட்டிருந்துச்சு. அந்தப் பொண்ணு கடைசித் தாள்ல கையெழுத்துப் போட்டுட்டு, நேரம் தாண்டிடுச்சுன்னு தானே கணக்குப் போட்டுக்கிட்டு, அப்படியே உக்காந்து அழுதுச்சு. நீங்க மூச்சு வாங்க உள்ள வந்தீங்க. குனிஞ்சு அது காதுல 'நாற்பத்தொண்ணு'ன்னு சொன்னீங்க. உங்களுக்கு அவ்வளவு மெதுவாப் பேச வரும்னு எனக்கு அப்போதான் தெரியும்."

அடுத்த மேஜையில் தேநீர் ஆற்றும் சத்தம் நின்றது.

அக்கா தட்டச்சுக்காரியைப் பார்த்து, மெல்ல, விரலை உதட்டின்மேல் வைத்தாள்.