மணல் தட்டில் ஒரு 'அ'

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, முப்பத்திரண்டு மூக்கைத் துடைத்து, முப்பத்திரண்டு பென்சிலைச் சீவி, 'அ' எழுத வைப்பது என்ன லேசுப்பட்ட வேலையா? எல்.கே.ஜி. ஜெனிலா மிஸ் ஆறு வருஷமாக அதைத்தான் செய்கிறாள். அவளிடம் வந்து 'அ' எழுதாமல் போன பிள்ளை கிடையாது, இந்த வல்லரசு வந்து சேரும்வரைக்கும்.

அப்பா பட்டாளத்தில். ஊர் ஊராய்ச் சுற்றிவிட்டு, பொங்கல் கழித்துத்தான் பயலைச் சேர்த்தார்கள். அதற்குள் போர்டில் 'ஔ' வரைக்கும் முடிந்துபோயிருந்தது. அதனால் தினமும் சாப்பாட்டு நேரத்தில் தன் டப்பாவைக்கூடத் திறக்காமல், மணல் தட்டை நடுவில் வைத்து, அவனுக்கு எதிரே சம்மணம் போட்டுத் தனியாகச் சொல்லிக்கொடுத்தாள். விரலால் அவள் எழுதிக் காட்டி அழிப்பாள். பிறகு அவன் எழுதுவான். மணலில் அச்சு அசலாக வந்துவிடும். அதே பயல் நோட்டைத் திறந்தால் தலைகீழாக எழுதித் தொலைப்பான்.

"ஏலே, வேணும்னே பண்ணுதியா? என் உசுர வாங்கத்தான் வந்தியாலே?"

அவன் முழிப்பான். அந்த முழியைப் பார்த்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். எத்தனை தடவை சுவரோரம் நிற்க வைத்தாளோ, கணக்கே இல்லை.

அவன் அம்மா மாரீஸ்வரி வேறு கேட்டில் நின்று, "எப்படியாச்சும் யு.கே.ஜி. ஏத்தி விட்ருங்க மிஸ். அவிய போன் போடுறப்பல்லாம் இதத்தான் கேக்காவ" என்று கண்ணைக் கசக்குவாள். ஹெச்.எம். வேதமணி மேடமோ, "வெள்ளிக்கிழமை நானே வந்து பாக்கேன். எழுதலேன்னா இன்னொரு வருஷம் எல்.கே.ஜி.தான்" என்று சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை வந்தது. மேடம் குட்டி நாற்காலியில் வல்லரசுக்கு எதிரே உட்கார்ந்தார். ஜெனிலா அவன் முதுகுக்குப் பின்னால் நின்று, ஆண்டவரே ஆண்டவரே என்று முணுமுணுத்தாள். அவன் சிலேட்டில் எழுதினான். அதே தலைகீழ் 'அ'. போச்சு, அம்புட்டும் போச்சு!

"நல்லாத்தான எழுதிருக்கான்?" என்றார் மேடம். "இதுக்கா இம்புட்டுப் புலம்புனீங்க?"

ஜெனிலாவுக்கு ஒன்றும் ஓடவில்லை. சுற்றிப் போய் மேடம் பக்கத்தில் நின்று பார்த்தாள். நேராக நின்றது 'அ'. அவள் போடுகிற வால் சுழிப்புகூட அப்படியே இருந்தது. ஒரு மாசமாக அவள் உட்கார்ந்திருந்த பக்கம் இதுதான். அவள் பக்கத்துக்கு நேராக எழுதியது அவனுக்குத் தலைகீழாகத் தெரிந்திருக்கிறது. தெரிந்ததை அவன் அப்படியே எழுதியிருக்கிறான். அடிப்பாவி!

வாயை மூடிக்கொண்டால் பயல் பாஸ். மனசு கேட்கவில்லை. "மேடம், தப்பு எம்மேலதான்" என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். பிறகு வல்லரசுவின் பக்கத்தில் தோளோடு தோளாக உட்கார்ந்து, சிலேட்டைத் துடைத்து ஒரே ஒரு 'அ' எழுதினாள். அதன் கீழே அவனும் எழுதினான். அவன் எழுதியதும் நேராக இருந்தது.

"யு.கே.ஜி. போகட்டும்" என்று மேடம் எழுந்தார்.

"மிஸ் உன்ன சும்மா சும்மா ஏசிட்டேன்டா" என்றாள் ஜெனிலா.

அவன் சிலேட்டிலிருந்து தலையைத் தூக்கினான்.

"அப்ப இனிமே செவுத்தோரம் நிக்க வேண்டாமா மிஸ்?"