கட்டம் சாரின் வியாழன் மூன்று மணி

அந்த அலுவலகத்தில் அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. மற்ற எல்லா இடத்திலும் அவர் கட்டம் சார்தான். லிஃப்டுகளைப் பராமரிக்கும் கம்பெனி அது. முந்நூற்று நாற்பது லிஃப்ட், இருபத்திரண்டு மெக்கானிக். யார் எந்தக் கட்டடத்தில் எத்தனை மணிக்கு நிற்க வேண்டும் என்று அட்டவணை போடுவது அவர் வேலை.

கம்ப்யூட்டர் காலண்டரில் ஒரு நாளைக் கால்மணிக் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறமும் ஒரு பெயரும் கொடுத்தால்தான் அவருக்கு மூச்சே வரும். யோசித்துச் செய்கிற வேலைக்கு நீலம், கூட்டத்துக்கு மஞ்சள், போனுக்குப் பச்சை. தலை தெளிவாக இருக்கும் காலையில் கஷ்டமான வேலை, கண் சொருகும் மத்தியானத்தில் கையெழுத்துப் போடுகிற வேலை. நடுநடுவே பத்து நிமிடம் காலியாக விடுவார். சொன்ன நேரத்தில் முடிந்த வேலை என்று உலகத்தில் ஒன்று உண்டா என்பார். கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அவர் வந்த பிறகுதான் மெக்கானிக்குகள் மத்தியானம் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மேலாளர் மேடத்துக்கு அது பிடித்துப்போனது. மேடம் சொல்ல, ஆபீஸ் முழுவதற்கும் விதிகளை எழுதியவரும் கட்டம் சாரேதான். எல்லார் காலண்டரும் எல்லாருக்கும் தெரிய வேண்டும். பெயரில்லாத கட்டத்தில் யாரும் கூட்டம் போடலாம். சொந்த வேலைக்கு ஆபீஸ் நேரத்தில் கட்டம் கிடையாது. இதை எழுதியபோது அவருக்குச் சொந்த வேலை என்று ஒன்றுமே இல்லை, எல்லாவற்றையும் வீட்டில் மனைவி பார்த்துக்கொண்டாள்.

அவளோ வாய் ஓயாத மனுஷி. ரேடியோவில் செய்தி வாசிக்கிறவரோடுகூட சண்டை போடுவாள். இவர் ஷூவைக் கழற்றுவதற்குள் தெருவில் நடந்த அத்தனையும் காதில் விழுந்துவிடும். இவர் ‘ம்’ கொட்டிக்கொண்டே மறுநாள் கட்டங்களை நினைத்துக்கொண்டிருப்பார். இந்த வருஷ ஆரம்பத்தில், துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். மூளையின் ரத்தக் குழாயில் அடைப்பு. கையும் காலும் மெல்லத் திரும்பின, பேச்சு மட்டும் திரும்பவில்லை. எல்லாம் புரியும். சொல்ல வாயெடுத்தால் வார்த்தைக்குப் பதில் கண்ணீர்தான் வரும்.

பேச்சுப் பயிற்சி தருகிறவர் கறாராகச் சொல்லிவிட்டார். “வாரத்துல ஒரு நாள் நான் சொல்லிக் குடுக்கறது பத்தாதுங்க. கூட இருக்கறவங்க பக்கத்துல உக்காந்து கத்துக்கிட்டு, வீட்ல தினமும் பேச வைக்கணும். முதல் வருஷத்துல வர்றதுதான் வேகமா வரும். நீங்களே வாங்க.” அந்தப் பயிற்சியாளரிடம் காலியாக இருந்த ஒரே நேரம் வியாழன் மூன்று மணி.

விடுப்பெல்லாம் ஆஸ்பத்திரியிலேயே கரைந்திருந்தது. மேடத்திடம் கேட்டிருக்கலாம். ஆனால் அவர் முன்பே ஒருமுறை, “ரொம்பக் கஷ்டமா இருந்தா சொல்லுங்க சார், லேசான சீட்டுக்கு மாத்திடறேன்” என்று அன்பாகச் சொல்லியிருந்தார். லேசான சீட்டுக்குச் சம்பளமும் லேசு. அந்த அன்பைச் சோதித்துப் பார்க்க இவர் தயாராக இல்லை. அதனால் வியாழன் மூன்றிலிருந்து நாலரை வரை ஒரு மஞ்சள் கட்டம் போட்டார். பெயர் வேண்டுமே? ‘முன்கூட்டிய பழுது ஆய்வுக் கூட்டம்’ என்று எழுதினார். கலந்துகொள்பவர் அவர் ஒருவர்தான்.

‘பழைய ஃபைல் அடுக்குதல்’ என்று போட்டிருந்தால் ஈ காக்கை திரும்பிப் பார்த்திருக்காது. மனுஷனுக்கு எதையும் ஒழுங்காகச் செய்தே பழக்கம், பொய்யையும் ஒழுங்காகச் செய்துவிட்டார்.

இரண்டு வியாழன் நன்றாகப் போனது. மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, படத்தைக் காட்டி, அவள் முழங்கையில் மெல்லத் தட்டித் தட்டி முதல் எழுத்தை எடுத்துக் கொடுக்கக் கற்றுக்கொண்டார். இரண்டாம் வாரம் அவள் “தண்ணி” என்றாள். அன்று ராத்திரிக்குள் எட்டுத் தடவை தண்ணி கேட்டாள், எட்டுத் தடவையும் ஓடிப்போய்க் கொண்டுவந்தார். அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

மூன்றாம் வாரம் புதன்கிழமை மேடம் அவர் மேஜைக்கே வந்துவிட்டார்.

“சார், அது என்ன முன்கூட்டிய பழுது ஆய்வு? தனியா பண்றீங்களா?”

“அது… சும்மா மேடம், ஒரு யோசனை…”

“சும்மாவா? லிஃப்ட் நின்னுபோன அப்புறம்தான் நாம ஓடறோம். அதுக்கு முன்னாடியே உக்காந்து பேசறது எவ்வளவு நல்ல விஷயம்! நாளைக்கு நானும் வரேன். ஸ்டோர்ஸ்காரரையும் கூப்பிடுங்க.”

கட்டம் சார் ஸ்டோர்ஸ்காரருக்கும் அழைப்பு அனுப்பினார். மறுநாள் மூன்று மணிக்கு, இல்லாத கூட்டத்துக்கு ஒரு பேச்சுக்குறிப்பு தயாரித்துக்கொண்டு போய் உட்கார்ந்தார். பயிற்சிக்கு மனைவியோடு அவளுடைய தங்கை போனாள். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். ஷிஃப்டை மாற்றிக்கொண்டு, “ஒரு வாரம்தானே அத்தான், நான் போய்க்கறேன்” என்றாள்.

அந்த ஒரு வாரம் பதினொரு வாரமானது. கூட்டத்துக்குப் பன்னிரண்டு பேர் சேர்ந்தார்கள். வேறு நாளுக்கு மாற்றலாம் என்று பார்த்தால், பன்னிரண்டு பேருக்கும் ஒன்றாகக் காலியாக இருந்தது வாரத்தில் அந்த ஒரே நேரம்தான். மற்ற நேரத்தையெல்லாம் அவர் சொல்லிக் கொடுத்தபடி எல்லாரும் கட்டம் கட்டி வைத்திருந்தார்கள். பயிற்சியாளரிடம் கெஞ்சினார். அவர் தன் நோட்டைத் திருப்பிக் காட்டினார், அதிலும் ஒரு இடுக்கு இல்லை. ஒரு நாள் துணிந்து மேடம் அறைக்குப் போனார். அங்கே தலைமை அலுவலகத்து ஆள் ஒருவர் உட்கார்ந்திருக்க, “இவர்தான் சார், அந்த ஆய்வுக் கூட்டத்தை ஆரம்பிச்சவர்” என்று மேடம் கை காட்டினார். கையெழுத்துக்கு எதையோ நீட்டிவிட்டு வந்தார்.

அந்தக் கூட்டம் வீண் என்றாலாவது மனம் ஆறும். ஒரு பள்ளிக்கூட லிஃப்டில் இரும்புக் கயிறு இழை பிரிந்திருந்ததைக் கண்டுபிடித்ததே அந்தக் கூட்டம்தான். அதை எந்த வாயால் நிறுத்தச் சொல்வார்?

சாயங்காலங்களில் மச்சினி சொல்லிக் கொடுத்தபடி மனைவிக்கு எதிரே உட்கார்வார். புதுசு புதுசாகப் படம், புதுசு புதுசாகத் தட்டுகிற முறை. இவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. தட்டுகிற இடம் தப்பு, எழுத்தை எடுத்துக் கொடுக்கிற நேரம் தப்பு. அவள் பொறுமையாகப் பார்ப்பாள், பிறகு தங்கை எங்கே என்று வாசலைப் பார்ப்பாள்.

பதினோராவது வியாழன் அவர் வீட்டுக்கு வரும்போது மணி ஏழு. மச்சினி கிளம்பத் தயாராக நின்றாள்.

“அத்தான், அக்கா இன்னைக்கு ஒரு வாக்கியம் முழுசா பேசினா.”

“நிஜமாவா? என்ன சொன்னா?”

அவள் பையின் ஜிப்பைத் திறந்து மூடினாள். “அவளே சொல்லுவா.”

அவர் பையைக் கீழே போட்டுவிட்டு மனைவி பக்கம் திரும்புவதற்குள் அழைப்புமணி அடித்தது. கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்த அவளே எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு திறந்தாள். மேல்வீட்டுக்காரர், கையில் ஏதோ காகிதம்.

“சார் இருக்காரா?”

அவள் கதவை இறுக்கிப் பிடித்தாள். உதடு இரண்டு தடவை கூடிப் பிரிந்தது. பிறகு ஒவ்வொரு வார்த்தையாக, தெளிவாக, பழைய குரலில் வந்தது.

“அவர்… மீட்டிங்ல… இருக்கார்.”

மேல்வீட்டுக்காரர் அவளையும், அவளுக்குப் பின்னால் நின்ற இவரையும் மாறி மாறிப் பார்த்தார். “சரிங்க, அப்புறமா வரேன்” என்று படியேறிவிட்டார்.

மச்சினி தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். “வாராவாரம் பயிற்சி குடுக்கறவங்க ‘வீட்டுக்காரர் வரலையா’ன்னு கேப்பாங்க அத்தான். நான் இதான் சொல்லுவேன். அடிக்கடி காதுல விழற வார்த்தைதான் சீக்கிரம் வரும்னு அதையே பயிற்சியா வெச்சுட்டாங்க.”

மனைவி திரும்பினாள். முகமெல்லாம் சிரிப்பு. எட்டு மாதத்தில் முதல் முழு வாக்கியம். நன்றாகச் சொன்னேனா என்று அவரையே பார்த்தாள்.

“சரியா சொன்னே” என்றார் அவர். “ரொம்பச் சரியா சொன்னே.”

அந்தச் சந்தோஷத்தில் அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அவர் முகத்தைப் பார்த்தே இன்னொரு தடவை சொன்னாள்.