ஏழு பத்துக்குப் பதற்றம்

தஞ்சாவூரில் நாங்கள் போட்ட நாடகத்துக்கு ஸ்டேஜ் மேனேஜராக ஓர் அம்மாள் வந்தார். மூக்கு நுனியில் கண்ணாடி, கையில் தலையணை கனத்துக்கு ஒரு ஃபைல். யார் எந்தப் பக்கம் நுழைவது, எந்தச் செம்பு எந்த மேசையில் என்று எல்லாவற்றுக்கும் அதில் தாள் உண்டு.

"நாடகம் போடுறீங்களா, பட்டா மாத்துறீங்களா மேடம்?" என்று ஒத்திகை முழுக்கக் கிண்டலடித்தேன். அவர் சிரிக்கமாட்டார், ஏதோ எழுதிக்கொள்வார்.

நாடகத்தன்று, நான் மேடையில் படிக்கவேண்டிய உயிலைக் காணோம். அது இல்லாமல் கதையே முடியாது.

"போச்சு! திரையப் போடுங்க!" என்று அலறினேன்.

அவர் தாளைப் புரட்டினார். "இடது பையில பாருங்க சார். அஞ்சு மணிக்கு வாங்கிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

இருந்தது. அவர் நீட்டிய தாளில் கையெழுத்தும் என்னுடையதுதான். அதன்கீழ் முன்பே அச்சடித்த ஒரு வரி: '7.10 சார் பதறுவார். 7.14 சரியாகிவிடுவார்.'

"என்ன மேடம் இது?"

"ஒத்திகையில தினம் பாத்தேனே சார், காட்சிக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி பதறுவீங்க. உங்க காட்சி ஏழேகாலுக்குத்தான்." கடிகாரத்தைப் பார்த்தார். "ஏழு பதினாலுக்கு இன்னும் ஒரு நிமிஷம் இருக்கு. பதறி முடிச்சிட்டே போங்க."

இன்றும் நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டால் பதறுகிறேன். கேட் திறக்க அரைமணி ஆகிறது. எனக்கு அதே நான்கு நிமிடம்தான்.