மோட்டர் ஓடாத பின்னேரங்கள்

லண்டனில் இருந்த மாமா என் அண்ணனுக்கு ஒரு கொம்பியூட்டர் அனுப்பிவைத்தார். படிப்புக்கு உதவும் என்று சொல்லித்தான் அனுப்பினார். பெட்டிக்குள் கூடவே கிடந்த விளையாட்டுக் கசற்றுகளைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. இணுவிலில் எங்கள் ஒழுங்கையில் ரீவியே ஓரிரு வீடுகளில்தான் இருந்தது. கொம்பியூட்டர் என்றால் அலுமாரி அளவில் இருக்கும் என்று நினைத்துப் பார்க்க வந்தவர்கள், கொப்பி அளவில் ஒரு கறுப்புப் பலகையைக் கண்டு ஏமாந்து, தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்கள். அதை ரீவியோடு இணைக்க வேண்டும். ரேப் ரெக்கோடரில் கசற்றைப் போட்டால் பூனைகள் சண்டை பிடிப்பது போலக் கொஞ்ச நேரம் கத்தும். கத்தி ஓய்ந்த பிறகு விளையாட்டு வரும்.

சின்ன விளையாட்டுகள் ஒழுங்காக ஓடின. ஒன்பது வயதுப் பெண்ணான எனக்குத் திரையில் ஒரு குள்ள உருவத்தை ஓடவிட்டுப் பழம் பொறுக்குவதே போதுமாக இருந்தது. அண்ணனுக்குப் பிடித்தது விமானம் ஓட்டும் விளையாட்டு. அது பெரியது. அதற்குக் கொம்பியூட்டரின் முதுகில் இன்னொரு சிறு பெட்டியைச் செருக வேண்டும். நினைவாற்றலைக் கூட்டும் அந்தப் பெட்டிக்கு அண்ணன் மூளைப்பெட்டி என்று பெயர் வைத்திருந்தான். விமானம் எழும்பும், மலைகளைத் தாண்டும், தூரத்தில் ஓடுபாதை தெரியும். அந்த நேரம் பார்த்துப் படம் அப்படியே உறைந்து, திரை கட்டம் கட்டமாகிவிடும். பிறகு பூனைச் சண்டையிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

அண்ணன் பள்ளிக்கூடத்தின் கடைசிச் சோதனையான ஏ.எல். எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த காலம். வேறு வேலை இல்லாததால் வீடு முழுவதும் வைத்தியத்தில் இறங்கியது. மூளைப்பெட்டி ஆடுவதுதான் காரணம் என்று அப்பா காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரால் அதை இறுக்கி ஒட்டினார். கொம்பியூட்டர் விழுந்தெழும்பின பிள்ளை போலத் தெரிந்ததே தவிர, குணமாகவில்லை. சூடேறுகிறது என்றான் அண்ணன். என்னைப் பனையோலை விசிறியோடு பக்கத்தில் இருத்தினான். எனக்குக் கை உளைந்ததுதான் மிச்சம். ரேப் ரெக்கோடரின் உள்பக்கத்தை அம்மாவின் ஓடிக்கொலோனால் துடைத்தோம். வீடு மணத்தது. விமானம் இறங்கவில்லை.

கடைசியில் அம்மாதான் குசினிக்குள் நின்று சொன்னார்.

"இஞ்சை லைற் மங்கிற நேரந்தானே உவன் அங்கை கத்துறான்."

அண்ணன் திரும்பிப் பார்த்தான். உறைவதற்குச் சற்று முன்பு ரீவியில் படம் நாலு பக்கமும் சுருங்குவதை அவனும் கண்டிருந்தான். எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் பெரியப்பாவின் வெங்காயத் தோட்டம். அம்மாவின் ஒன்றுவிட்ட அக்காவின் கணவர் அவர். வெயில் தாழ்ந்து பின்னேரமானால் கிணற்றடி மோட்டரைப் போட்டு இறைப்பார். அடுத்த நாள் அண்ணன் என்னை வேலியில் ஆள் நுழையும் பொட்டடியில் காவல் வைத்தான். மோட்டர் உறுமத் தொடங்கியதும் நான், "போட்டிட்டார்!" என்று கத்தினேன். வீட்டுக்குள்ளிருந்து, "உறைஞ்சிட்டுது!" என்று அண்ணன் கத்தினான்.

நோய் இன்னதென்று தெரிந்துவிட்டது. மோட்டர் இழுத்தது போக மிஞ்சிய மின்சாரத்தில் ரீவி சமாளித்தது, சின்ன விளையாட்டுகள் சமாளித்தன, மூளைப்பெட்டிக்கு மட்டும் போதவில்லை. ஆனால் மருந்து இல்லை. பகலில் அநேகமாகக் கரண்ட் இராது. இரவில் ஊர் முழுக்க லைற் போடுவதால் நிலைமை இன்னும் மோசம். விமானம் இறங்க வேண்டும், வெங்காயத்துக்குத் தண்ணீர் விடாதீர்கள் என்று ஒரு தோட்டக்காரரிடம் போய் யார் கேட்பது?

அண்ணன் மூளைப்பெட்டியைக் கழற்றி வைத்தான். பின்னேரங்களில் சைக்கிளை எடுத்துக்கொண்டு சந்திக்குப் போகத் தொடங்கினான். இருட்டிய பிறகு வருவான், ஒருவரோடும் கதைக்காமல் சாப்பிடுவான். அவனுடைய கூட்டாளிகள் இரண்டு பேரைக் கொஞ்ச நாளாக ஊரில் காணவில்லை என்று அப்பா மெதுவாக அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. கொம்பியூட்டர் முழுவதும் எனக்கே கிடைத்துவிட்ட சந்தோசத்தில் இருந்தேன்.

ஒருநாள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு வேலிப் பொட்டுக்குள்ளால் பெரியப்பா வீட்டுக்குப் போனார். பெரியப்பா மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். பெரியம்மா நிலத்தில் இருந்து வெங்காயம் பிடி கட்டிக்கொண்டிருந்தார்.

"அத்தான், ஒரு உதவி. கேக்க வெக்கமாக் கிடக்கு."

"சொல்லு பிள்ளை."

"பின்னேரத்திலை மோட்டரைப் போடாமல் விட ஏலுமோ? மூத்தவன் அந்த மிசினிலை விளையாடேக்கை கரண்ட் காணாமல் நிண்டு போகுது."

பெரியப்பா சிரிப்பார், இல்லையென்றால் ஏசுவார் என்று நான் காத்திருந்தேன். அவர் தோட்டத்தைப் பார்த்தபடி நின்றார்.

"விளையாட்டு ஓடினால் அவன் வீட்டிலை நிப்பானோ?"

"நிப்பான் அத்தான்."

"அப்ப நான் விடியப்புறம் இறைக்கிறன்."

பெரியம்மா கட்டிய பிடியைக் கீழே வைத்தார். "லண்டனிலை இருக்கிற உன்ரை தம்பியிட்டைச் சொல்லி இன்னும் கொஞ்ச விளையாட்டு எடுப்பியன் பிள்ளை" என்றார். பெரியம்மாவுக்கும் ஆசை வந்துவிட்டது என்று நான் எண்ணிக்கொண்டேன்.

அம்மா அண்ணனிடம் ஒன்றும் சொல்லவில்லை. கரண்ட் இப்ப நல்லா வருகுது, ஒருக்காப் போட்டுப் பார் என்று மட்டும் சொன்னார். அண்ணன் நம்பிக்கையில்லாமல் மூளைப்பெட்டியைச் செருகினான். விமானம் எழும்பியது, மலைகளைத் தாண்டியது, ஓடுபாதையில் குலுங்கி இறங்கி நின்றது. அண்ணன் போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டு நாய் குரைத்தது. சில நாட்களில் அவனுடைய மிச்சக் கூட்டாளிகளும் சந்தியை விட்டு எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். வாசலில் செருப்புகள் குவிந்தன. அத்தனை பேருக்கும் அம்மா முகம் சுளிக்காமல் தேத்தண்ணீர் ஊற்றினார். சோதனை முடிவு வந்து, மாமா அலுவல் பார்த்து அண்ணனை லண்டனுக்குக் கூப்பிடும்வரை அந்தப் பின்னேரங்கள் அப்படியே போயின.

பெரியப்பாவின் மகன் இந்தியாவில் படிக்கிறான் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். முந்தைய வருடம் அவன் ரியூசனுக்கென்று போய் ஆயுதம் தூக்கிய இயக்கத்தில் சேர்ந்ததையும், அவனுடைய சைக்கிளை மட்டும் யாரோ கொண்டுவந்து படலையில் சாத்திவிட்டுப் போனதையும், அவன் பிறகு திரும்பவேயில்லை என்பதையும் நான் வளர்ந்த பிறகுதான் அம்மா சொன்னார். முன்பெல்லாம் பெரியப்பா இறைக்கும்போது வாய்க்காலை வெட்டித் திருப்பி, பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறியவன் அவன். எங்களுக்காக நேரத்தை மாற்றிய பிறகு, கோழி கூவும் முன்பே எழும்பி, பனியில் நனைந்தபடி பெரியம்மா அந்த வேலையைச் செய்தார். அண்ணனுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது, பேரப்பிள்ளை இருக்கிறது. ஒவ்வொரு முறை அவனோடு தொலைபேசியில் கதைத்து முடித்ததும் பெரியப்பாவையும் பெரியம்மாவையும் மனதுக்குள் கும்பிட்டுக்கொள்கிறேன்.

அந்த நாட்களில் ஒரு பின்னேரம் பெரியப்பா எங்கள் வாசலுக்கு வந்தார். காலில் சேறு இருந்ததால் உள்ளே வராமல், கதவு நிலையைப் பிடித்தபடி அண்ணன் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இறக்கிப் போட்டியோ தம்பி?"

"ஓம் பெரியப்பா."

"நாளைக்கும் விளையாடுவாய்தானே?"

"ஓம்."

"அப்ப சரி."

அவர் போகாமல் நின்றார். எனக்குப் பாவமாக இருந்தது. அன்று எனக்கென்று ஒரு முறை மிச்சம் இருந்தது. அதை விட்டுக்கொடுக்க மனதில்லாமலே, "பெரியப்பா, என்ரை முறைக்கு நீங்கள் விளையாடுங்கோ" என்றேன்.

"எனக்கு வேண்டாம் பிள்ளை" என்றார் அவர், அண்ணனின் முதுகிலிருந்து கண்ணை எடுக்காமல். "அண்ணை விளையாடட்டும்."

விளையாடத் தெரியாது என்று சொல்ல அவருக்கு வெட்கமாக்கும் என்று நினைத்து, என் முறை பறிபோகாத மகிழ்ச்சியில் நான் கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.