இருபது மெட்டுக் கம்பிகள்

என் மனைவிக்குத் தைராய்டு ஆபரேஷன் நடந்து எட்டு மாதம் கழித்து, என் பேஸ் கிட்டாரின் மெட்டுக் கம்பிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று எங்கள் ஆர்க்கெஸ்ட்ராவில் கேட்டார்கள். அப்போது எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

நாங்கள் இருவரும் மேடையில் பழகிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். திருவண்ணாமலையைச் சுற்றிக் கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா என்று எங்கே கச்சேரி நடந்தாலும் அவள் முன்னால் நின்று பாடுவாள், நான் பின்னால் நின்று பேஸ் வாசிப்பேன். பகலில் எனக்கு மோட்டார் காயில் கட்டும் வேலை. அவள் வீட்டில் பிளவுஸ் தைப்பாள். அந்த கிட்டார்கூட விலைக்கு வாங்கியது இல்லை. அடி அண்ணாமலையில் ஒரு வருஷம் தங்கியிருந்த வெளிநாட்டுக்காரர் ஒருவருக்கு ஆம்ப்ளிஃபயரைச் சரிசெய்து கொடுத்தேன். ஊரைவிட்டுப் போகிற அன்று கிட்டாரை என் காயில் கடையில் கொண்டுவந்து வைத்துவிட்டு, கையைக் கூப்பிவிட்டுப் போய்விட்டார்.

ஆபரேஷனுக்குப் பிறகு மூன்று மாதம் அவளுக்குப் பேச்சே காற்றாகத்தான் வந்தது. அப்புறம் குரல் திரும்பியது. ஆனால் பழைய குரல் இல்லை. மேலே ஏறும்போது போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு ஒரு மயிரிழை கீழேயே நின்றுவிடும். நரம்பு வீங்கியிருக்கலாம், சரியாகலாம், இப்படியே நின்றும் போகலாம் என்றார் டாக்டர். பாட்டின் சுருதியை ஒரு கட்டை இறக்கிப் பார்த்தோம். முதல் சரணம்வரை தாக்குப்பிடிக்கும். களைத்ததும் குரல் மெதுவாகச் சரியும். எவ்வளவு சரியும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது.

அந்த நிலையில்தான் ஒரு கோயில் திருவிழாவில் அவள் மறுபடி மேடையேறினாள். முதல் பாட்டு எப்படியோ ஓடியது. இரண்டாவது பாட்டின் சரணத்தில் குரல் இறங்கியது. குழுவை நடத்துகிற கீபோர்டுக்காரர் சத்தத்தைக் கூட்டினார். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். இருபது வருஷமாகத் தாளமோ வரியோ தப்பினால் அவள் பார்க்கிற பார்வை அது. நான் தலையைக் குனிந்துகொண்டு, என் விரல் இருந்த இடத்திலேயே சரியான சுரத்தை வாசித்துக்கொண்டிருந்தேன். பாட்டு முடிகிறவரைக்கும் அவள் தனியாகத்தான் நின்றாள்.

ஆட்டோவில் திரும்பும்போது சொன்னாள். "நீங்க கரெக்டாதான் வாசிச்சீங்க. நான்தான் சுருதி கம்மியா பாடிட்டேன்."

அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் கச்சேரிக்கு வரவில்லை. தைக்கும்போது முணுமுணுப்பதும் நின்றது. சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷங்களில் அவளைப் பாடச் சொல்வதையும் விட்டுவிட்டார்கள். மனசு நோகக் கூடாது என்றுதான் விட்டார்கள். ஆனால் யாரும் கூப்பிடாத ஒவ்வொரு தடவையும் அவள் முகம் சின்னதாகிப் போவதை நான் பார்த்தேன்.

பேஸ் கிட்டாரின் கழுத்தில் குறுக்கே வரிசையாகக் கம்பி பதித்திருக்கும். வீணையில் மெட்டு என்கிறோமே, அதேதான். விரல் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் அந்தக் கம்பி சுரத்தைச் சரியான இடத்தில் நிறுத்திவிடும். இரண்டு சுரத்துக்கு நடுவில் இருக்கிற இடத்துக்கு நம்மை விடாது. வயலினில் அந்தத் தடை இல்லை. கம்பிகளை எடுத்துவிட்டால் என் கிட்டாரும் அவள் குரல் இறங்குகிற இடத்துக்கு இறங்கி வரலாம். இந்த யோசனை வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தந்திகளைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன்.

சூடு காட்டினால் கம்பியைப் பிடித்திருக்கிற பசை இளகும். கடையிலிருந்து சால்டரிங் அயர்ன் கொண்டுவந்து ஒவ்வொரு கம்பிமீதும் வைத்து எடுத்து, ஓரத்தில் கட்டிங் பிளேயரின் நுனியைக் கொடுத்து மெல்ல நெம்பினேன். முதல் இரண்டும் வெண்ணெய் மாதிரி வந்தன. மூன்றாவதில் அவசரப்பட்டேன். கம்பியோடு ஒரு சில்லு மரமும் பெயர்ந்து வந்துவிட்டது.

சத்தம் கேட்டு அவள் தையல் மிஷினை நிறுத்திவிட்டு வந்தாள்.

"என்னாங்க பண்றீங்க? நல்லா இருக்கறத எதுக்கு உடைக்கிறீங்க?"

"உடைக்கல. வயலின் மாதிரி ஆக்கறேன்."

"என்னாத்துக்கு?"

நான் அடுத்த கம்பிமீது அயர்னை வைத்தேன். அவள் குனிந்து, தரையில் கிடந்த மரச்சில்லைப் பொறுக்கி என் உள்ளங்கையில் வைத்தாள். "தொலைச்சிடாதீங்க. ஒட்டிக்கலாம்" என்றாள்.

இருபது கம்பிகளும் வர மத்தியானம் ஆகிவிட்டது. கழுத்தில் இருபது வெட்டுகள் வாயைத் திறந்துகொண்டு நின்றன. அவற்றை அடைக்க பிளைவுட் கடையில் வெள்ளை வெனீர்த் துண்டுகள் கேட்டு வாங்கிவந்தேன். காகிதம் மாதிரி மெல்லிசான மரம். நான் வெட்டியது எல்லாம் கோணலாகவே வந்தது. அடுத்த ஞாயிறு அவள் பிளேடையும் தையல் ஸ்கேலையும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் கீறிக் கொடுக்க, நான் பசை தடவிச் செருகினேன்.

காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மோட்டார் காயிலுக்குப் பூசுகிற வார்னிஷையே கழுத்துக்கும் பூசினேன். ஒரு வாரம் வீடு முழுக்க நாற்றம். பிளவுஸ் வாங்க வந்த பெண்கள் முகத்தை மூடிக்கொண்டு வாசலிலேயே நின்றார்கள்.

தந்தி கட்டி முதல் சுரத்தை வாசித்தபோது எனக்குப் புல்லரித்தது. கம்பி இருந்தபோது டக்கென்று கேட்ட ஒலி இப்போது தொண்டைக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது. சந்தோஷத்தில் எனக்குத் தெரிந்த ஒரு பாட்டை முழுக்க வாசித்தேன். அடுப்படியிலிருந்து அவள் குரல் வந்தது.

"கம்மியா இருக்குங்க."

"எது?"

"எல்லாமே."

வெனீர் அடைத்த வெள்ளைக் கோட்டைப் பார்த்துத்தானே வைக்கிறேன் என்று குனிந்து பார்த்தேன். அப்புறம்தான் புரிந்தது. மெட்டு இருந்தால் விரலைக் கம்பிக்குச் சற்றுப் பின்னால் வைக்க வேண்டும். மெட்டு இல்லாவிட்டால் கோட்டின் மேலேயே வைக்க வேண்டும். இத்தனை வருஷப் பழக்கத்தில் என் விரல் பின்னாலேயே போய் உட்கார்ந்தது. ஒவ்வொரு சுரமும் ஒரு மயிரிழை கீழே.

அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். "இன்னும் மேல. இன்னும் கொஞ்சம். ஐயோ, ஜாஸ்தி ஆயிடுச்சு. எறங்குங்க. ஆ, அங்க நில்லுங்க." குரல்தான் போயிருந்தது, காது அப்படியேதான் இருந்தது. அரைமணி நேரத்தில் எனக்கு வியர்த்துவிட்டது. நான் போய்ச் சேராமல் தவிப்பதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆபரேஷனுக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

"நீங்களும் நம்ம கட்சிக்கு வந்துட்டீங்க" என்றாள்.

அன்று அவளிடம் சொன்னேன். "அன்னிக்கு மேடையில நீ பாத்தப்ப நான் தலைய குனிஞ்சிக்கிட்டேன்."

"பாத்தேன்."

"தப்பு."

"வேற என்னா பண்ணியிருப்பீங்க? விடுங்க" என்றாள். ஆனால் எழுந்து போகவில்லை. சற்று நேரம் கழித்து, நான் வாசித்துக்கொண்டிருந்த பாட்டையே மெல்ல எடுத்தாள். சரணத்தில் குரல் சரிந்தது. நான் விரலை நகர்த்தினேன். முதல் தடவை அதிகமாகவே இறங்கிவிட்டேன். ஆனாலும் அவள் நிறுத்தவில்லை.

கீபோர்டுக்காரருக்கு இந்த கிட்டார் பிடிக்கவில்லை. ஒத்திகையில் பத்து நிமிஷம் கேட்டுவிட்டு, "அண்ணா, தப்பா நெனைச்சிக்காதீங்க, கல்யாண வீட்டுக்கு இது செட்டாகாது" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். கச்சேரிக்கு அவரிடமிருந்த வேறொரு கிட்டாரை எடுத்துக்கொண்டேன். இது வீட்டில் தங்கிவிட்டது. சாயங்காலங்களில் இருவரும் வாசித்தும் பாடியும் பழகினோம்.

சில மாதம் கழித்துக் கீழ்பென்னாத்தூரில் அவளுடைய அக்கா மகளுக்கு வளைகாப்பு. கிளம்பும்போது அவளே சொன்னாள். "அதையும் எடுத்துக்குங்க." சின்ன ஆம்ப்ளிஃபயரையும் சேர்த்து வாடகைக் காரில் வைத்தேன்.

வளையல் போட்டு முடிந்ததும் யாரும் கூப்பிடாமலே அவள் பாய்மீது உட்கார்ந்து பாட ஆரம்பித்தாள். கூடத்தில் பேச்சு அடங்கியது. நடுவில் ஓரிடத்தில் குரல் உடைந்து நின்றுவிட்டது. அவள் தண்ணீர் குடித்தாள். "இருங்க, திரும்ப பாடறேன்" என்று அந்த வரியையே மறுபடி எடுத்தாள். குரல் எங்கே போனதோ அங்கே நானும் கூடவே போனேன். முழுப் பாட்டையும் பாடி முடித்தாள்.

சாப்பாட்டுப் பந்தியில் அவளுடைய அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கொஞ்சம் தயங்கி, "உன் கொரல் மாறிப்போச்சுடி" என்றாள். இத்தனை நாளில் யாரும் அவள் முகத்துக்கு நேராக அதைச் சொன்னதில்லை.

"ஆமாக்கா, மாறிப்போச்சு" என்றாள் என் மனைவி. இலையில் இன்னும் கொஞ்சம் புளிசாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.