அடுத்தவாரம் அக்காவும் இடைமாடி லிஃப்டும்

சலவைக்கூடத்தில் அவளை அவள் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. 'அடுத்தவாரம் அக்கா' என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். சம்பளச் சீட்டு தயாரிக்கும் பெண்கூட ஒரு தடவை கைமறதியாக அப்படியே தட்டச்சு செய்துவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு அழித்தாள்.

கணவர் இறந்த பிறகுதான் அவள் இந்த வேலைக்கு வந்தாள். ஒரு காலையில் அலுவலகத்துக்குக் கிளம்பிப் போனவர், மதியம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே நெஞ்சு வலி வந்து போய்விட்டார். அதன்பின் அவளுக்குப் பேச்சே குறைந்துவிட்டது. ஈரம் காய்ந்த படுக்கை விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்துச் சூடான உருளைக்குள் விடுவாள். மறுபக்கம் வெளியே வருவதை ரோலர்காரர் வாங்கி மடிப்பார். அவர் நெட்டையான மனிதர், வாய் ஓயாதவர். அவர் பத்து வார்த்தை பேசினால் இவள் "ம்" என்பாள். ஒரு வருடம் அந்த "ம்" மட்டும்தான்.

பிறகு டிவியில் 'இடைமாடி' தொடங்கியது.

ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடம், அதில் ஒரு பழைய லிஃப்ட். இரண்டு மாடிகளுக்கு நடுவே அது நின்றுவிட்டால், கதவு வேறொரு வருடத்தில் திறக்கும். அந்தக் கட்டடத்தில் குடியிருக்கும் ஒரு பள்ளிக்கூட டீச்சர்தான் கதாநாயகி. அவளுடைய கணவன் ஒரு மழைக்காலக் காலையில் தெருவைக் கடக்கும்போது லாரி மோதி இறந்துவிட்டான். அந்தக் காலைக்கு எப்படியாவது போய் அவனைத் தடுத்துவிட வேண்டும் என்று அவள் திரும்பத் திரும்ப லிஃப்டில் ஏறுகிறாள். அது ஒவ்வொரு தடவையும் தப்பான வருடத்தில் இறக்கிவிடுகிறது. லிஃப்டுக்குள் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் வயதான ஆபரேட்டர் ஒருவர், "எந்த மாடிம்மா?" என்று கேட்பார். வேறொன்றும் பேசமாட்டார்.

இரண்டாவது வாரம், தேநீர் இடைவேளையில் எல்லாரும் அந்தக் கதையை அலசிக்கொண்டிருந்தபோது, மூலையிலிருந்து அவள் குரல் வந்தது.

"அந்த டீச்சர் லிஃப்டுல குடையை மறந்து வச்சிட்டுப் போச்சுல்ல? அடுத்த வாரம் பாருங்க. அந்தக் குடை வேற வருஷத்துல, துணியெல்லாம் வெளுத்துப்போய், வேற யார் கையிலயோ இருக்கும்."

ரோலர்காரருக்குத் தேநீர் புரையேறியது. அவள் பேசியதுதான் காரணம், சொன்ன விஷயம் அப்புறம்தான் காதில் விழுந்தது. அடுத்த வாரம் அப்படியே நடந்தது. வெளுத்த குடையைப் பிடித்தபடி ஒரு சின்னப் பெண் பள்ளிக்கூட வாசலில் நின்றாள். மறுநாள் காலை அவள் வேலைக்கு வந்ததும் வாசலிலேயே மடக்கிவிட்டார்கள். "அடுத்த வாரம் என்னக்கா?"

அன்றிலிருந்து அந்தப் பெயர்.

அவள் சொன்னதெல்லாம் பலித்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். பாதிக்கு மேல் புஸ்வாணம்தான். கட்டடத்து வாட்ச்மேன்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று ஒரு மாதம் சத்தியம் செய்தாள். அந்த வாட்ச்மேன் மூட்டு வலி என்று சொல்லி வேலையை விட்டுப் போனார், கதையிலேயே திரும்ப வரவில்லை. அதற்காக யாரும் அவளிடம் கேட்பதை நிறுத்தவில்லை. தப்பாகப் போன கணிப்பைச் சொல்லிச் சிரிப்பதும் இடைவேளையில் பாதியாகிவிட்டது. அவளே எல்லாரையும் விட அதிகமாகச் சிரித்தாள்.

வீட்டில் நிலைமை இன்னும் வேடிக்கை. அங்கே இருந்தது அவளும் மாமியாரும் மட்டும். கணவர் போன பிறகு இரண்டு பெண்களும் அந்த இரண்டு அறைக்குள் ஒரே வீட்டில் குடியிருக்கும் வேறு வேறு வாடகைக்காரர்கள் மாதிரிதான் இருந்தார்கள். "கதவைப் பூட்டிட்டியா?" "பூட்டிட்டேன் அத்தை." அதோடு பேச்சு முடிந்துவிடும். அவரைப் பற்றி இருவரும் வாய் திறப்பதில்லை. ஒருத்தி அழுதால் இன்னொருத்தியும் அழவேண்டி வருமே என்ற பயம்.

மாமியார் ஆயத்த ஆடைக் கடையில் முப்பது வருடம் தைத்தவர். நேர்க்கோடு தவிர வேறெதிலும் நம்பிக்கை இல்லாதவர். "லிஃப்டு ஏறினா வருஷம் மாறுதாம். எங்க கடை லிஃப்டு ஏறினா மாடியே ஒழுங்கா வராது" என்று முதல் வாரம் நொடித்தார். இரண்டாம் வாரம் கதவருகே நின்று பார்த்தார். மூன்றாம் வாரம் நாற்காலியை இழுத்து நடுவில் போட்டுக்கொண்டார். அதற்கப்புறம் ஓர் ஒப்பந்தமே ஏற்பட்டது. ஒருத்தியை விட்டுவிட்டு ஒருத்தி பார்க்கக் கூடாது.

முதல் பாகம், டீச்சர் முன்னால் லிஃப்ட் கதவு திறந்து அந்த மழைக்காலக் காலை தெரிவதோடு நின்றது. அப்புறம் மாதக்கணக்கில் ஒன்றுமில்லை. கடைசியில் ஒருநாள் விளம்பரம் வந்தது: வெள்ளிக்கிழமை மாலை, இரண்டாம் பாகத்தின் முதல் பகுதி.

அந்த வாரம் முழுக்கச் சலவைக்கூடத்தில் இயந்திரச் சத்தத்தை மிஞ்சி விவாதம் நடந்தது. அடுத்தவாரம் அக்கா இரண்டு கணிப்புகளை அறிவித்திருந்தாள். ஒன்று, டீச்சர் கணவனைக் காப்பாற்றப் போவதில்லை. இரண்டு, அந்த லிஃப்ட் ஆபரேட்டர் அவளுக்கு இனிமேல் பிறக்கப்போகும் மகன்.

"அதெப்படி?" என்றார் ரோலர்காரர். "கிழவர் மகனா?"

"லிஃப்டுக்கு வருஷக் கணக்கு ஏதுண்ணா? பின்னாடி வரப்போற வருஷத்துலேருந்து வந்தா மகன் அம்மாவை விட மூத்தவனா இருக்க மாட்டானா? அவர் கூப்பிடுறதைக் கவனிங்க. எந்த மாடி'ம்மா'. அந்த 'ம்மா'வை எவ்வளவு ஆசையா இழுக்கறார்!"

வீட்டில் மாமியார் இதை ஒரே வாயில் ஊதித் தள்ளினார்.

"காய்கறி விக்கறவன் என்னை அம்மான்னுதான் கூப்பிடறான். பஸ் கண்டக்டர் கூப்பிடறான். எல்லாரும் நான் பெத்த பிள்ளைங்களா? பாவம், அந்த மனுஷன் வயித்துப் பிழைப்புக்கு லிஃப்டு ஓட்டறார். அவரைப் போய்..."

"சரி, ஆபரேட்டரை விடுங்க. டீச்சர் என்ன பண்ணுவா?"

"காப்பாத்துவா."

"காப்பாத்த மாட்டா அத்தை. மாத்த முடியாதுன்னு முதல் பாகத்துலேயே காட்டிட்டாங்களே. போய்ப் பார்ப்பா, தொட்டுப் பார்ப்பா, திரும்பி வந்துடுவா."

"அவ்வளவு தூரம் போயிட்டு, வாசல்ல நிக்கறவனை விட்டுட்டு வருவாளா ஒருத்தி?" மாமியாரின் குரல் உயர்ந்தது. "கதவைப் பூட்டி வச்சாவது நிறுத்த மாட்டாளா? நானா இருந்தா காலைப் பிடிச்சுக்குவேன்."

சொல்லிவிட்டு மாமியார் துண்டை எடுத்து ஒன்றுமில்லாத மேசையைத் துடைத்தார். எதிர்பார்த்து ஏமாறுவதை விட எதிர்பார்க்காமல் இருப்பது இவளுக்குப் பழகிப்போயிருந்தது. டீச்சருக்கும் அதையேதான் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. காலையிலிருந்தே அவளுக்குக் கால் தரையில் படவில்லை. தலையணை உறைகளைப் போர்வைக் கூடையில் போட்டாள், போர்வையைத் துண்டுக் கூடையில் போட்டாள். மேற்பார்வை பார்க்கும் மேடம் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "இங்கயும் வருஷம் மாறுதா?"

மதியம் பெரிய உலர்த்தியின் பெல்ட் அறுந்தது. மெக்கானிக் வந்து மாற்றுவதற்குள் ஈரத் துணி மலையாகக் குவிந்துவிட்டது. ஒரு பெரிய ஹோட்டலுக்கு அன்று மாலைக்குள் முழு லோடும் போயாக வேண்டும். மேடம் கையைத் தட்டினார். "யாரும் வீட்டுக்குப் போகாதீங்க. முடிச்சிட்டுத்தான் எல்லாரும் போறோம். நானும்தான்."

கூடம் முழுவதும் ஒரு பெருமூச்சு கிளம்பியது. யாரோ, "மேடம், இடைமாடி..." என்று இழுத்தார்கள்.

"தெரியும். நான் மட்டும் பார்க்க மாட்டேனா? சாப்பாட்டு ரூம்ல டிவி இருக்கு. ஆரம்பிக்கறதுக்குள்ள முடிச்சா எல்லாரும் அங்கயே பார்க்கலாம். முடிக்கலைன்னா யாரும் பார்க்க முடியாது."

எல்லார் முகத்திலும் வெளிச்சம் வந்தது. அடுத்தவாரம் அக்காவுக்கு மட்டும் வீட்டில் காத்திருக்கும் மாமியார் நினைவு வந்தது. போனை எடுத்தாள்.

"அத்தை, நான் வர நேரமாகும். வேலை மாட்டிக்கிச்சு. நீங்க பார்த்துடுங்க."

"நான் பார்க்க மாட்டேன்."

"இவ்வளவு நாள் காத்திருந்துட்டு..."

"பேச்சுன்னா பேச்சுதான். டிவியை நான் தொடவே மாட்டேன். நீ வேலையைப் பாரு."

போன் வைக்கப்பட்டுவிட்டது. அவள் முகத்தைப் பார்த்த வேன்காரர் என்னவென்று விசாரித்தார். துணி மூட்டைகளை ஹோட்டலுக்குக் கொண்டுபோகும் அந்த மனிதருக்குத் தொடர் என்றால் ஆகாது. அதைப் பார்த்தால் தூக்கம் வருகிறது என்பார். விஷயத்தைக் கேட்டுவிட்டு மோவாயைச் சொறிந்தார்.

"பாதி லோடு ரெடியா இருக்குல்ல? அதை இறக்கிட்டுத் திரும்பற வழிதானே உங்க வீடு? கூட்டிட்டு வந்துடறேன்."

"மேடம் திட்டுவாங்களே."

"உங்க மாமியாரோட கணிப்பு பலிக்குதான்னு மேடத்துக்கும் தெரிய வேணாமா?"

மேடம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். அனுமதி கொடுப்பது அவருக்கு அப்படித்தான்.

அப்புறம் நடந்ததை வேலை என்று சொல்ல முடியாது. உருளையில் விரிப்புகள் ஓடின. ரோலர்காரர் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டு மடித்தார். வேன் திரும்பி வந்தபோது, முன் இருக்கையிலிருந்து மாமியார் இறங்கினார். நல்ல புடவை கட்டி, தலையைப் படிய வாரி, கையில் உட்காருவதற்கு ஒரு குஷன்.

"இன்னும் எவ்வளவு இருக்கு?" என்றார் வந்ததும் வராததுமாக.

"தலையணை உறை மட்டும்தான் அத்தை. நீங்க உட்காருங்க."

மாமியார் உட்காரவில்லை. குஷனைக் கீழே போட்டுவிட்டு மேசையருகே நின்று உறைகளை எடுத்தார். ஒரு உதறு, ஒரு தடவல், மூன்று மடிப்பு. நடுவில் ஓர் உறையை நிறுத்தி, "இதுல தையல் விட்டிருக்கு, இதை அனுப்பாதீங்க" என்று ஒதுக்கி வைத்தார். மேடம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

கடைசி மூட்டை வேனில் ஏறியதும் எல்லாரும் சாப்பாட்டு அறைக்கு ஓடினார்கள். டிவியின் ரிமோட் காணாமல் போய் வெகுநாளாகிவிட்டது. ரோலர்காரர் ஒரு துணி மாட்டும் கம்பியால் எட்டிப் பொத்தானை அழுத்தினார். பெஞ்சில் இடமில்லாதவர்கள் சோப்புத்தூள் டிரம்களை உருட்டி வந்து உட்கார்ந்தார்கள். பாட்டு முடிந்தது. மழைச் சத்தம் தொடங்கியது.

டீச்சர் லிஃப்டிலிருந்து வெளியே வருகிறாள். கூடத்தில் கணவன் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கிறான். அவளை நிமிர்ந்து பார்க்கிறான்.

"தொட்டுப் பார்ப்பா பாருங்க" என்று கிசுகிசுத்தாள் அடுத்தவாரம் அக்கா.

"சும்மா இரு" என்றார் மாமியார், அவள் கையைப் பிடித்தபடி.

டீச்சர் தொட்டாள். திரும்பிப் போக அடியெடுத்து வைத்தாள். அறையில் யாரோ "ஐயோ" என்றார்கள். அடுத்தவாரம் அக்காவின் கணிப்பு பலிக்கப் போகிறது. ஆனால் பலிக்க வேண்டாம் என்று அந்த நிமிஷத்தில் அவள் மனசு அடித்துக்கொண்டது. டீச்சர் சட்டென்று திரும்பினாள். கணவனின் கையைப் பிடித்து ஒரே இழுப்பாக லிஃப்டுக்குள் இழுத்தாள். கதவு மூடியது. வெளியே லாரி கடந்துபோகும் சத்தம் கேட்டது.

"சொன்னேன்ல!" மாமியார் எழுந்தே நின்றுவிட்டார்.

ஆனால் கதவு திறந்ததும் டீச்சர் மட்டும்தான் வெளியே வர முடிந்தது. கணவன் காலை எடுத்து வைத்தான், கால் வெளியே வரவில்லை. லிஃப்ட் அவனை எந்த வருடத்திலும் இறங்க விடவில்லை. உள்ளே அவன் நின்று பார்த்தான், உட்கார்ந்தான், தலை நரைத்தது, முக்காலியில் சாய்ந்தான். கடைசியில் அந்த வயதான ஆபரேட்டரின் முகம் நிமிர்ந்தது. இத்தனை நாள் 'எந்த மாடிம்மா' என்று கேட்டவர், அவளைக் கல்யாணம் ஆன நாளிலிருந்து கணவன் மட்டும் கூப்பிடும் விதத்தில் கேட்டார்:

"எந்த மாடி, டீச்சரம்மா?"

அறை வெடித்தது. டிரம் உருண்டது. ரோலர்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு, "அவரேதானா! அவரேதானா!" என்று கத்தினார். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஹோட்டலில் கடைசி மூட்டையை இறக்கிவிட்டு நடுவில் வந்து சேர்ந்த வேன்காரர், தூக்கம் வரும் என்றவர், வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

அடுத்தவாரம் அக்கா குதித்தாள். நிஜமாகவே, சின்னப் பெண் மாதிரி. "என் கணிப்பு ரெண்டும் தப்பு! ரெண்டுமே தப்பு! இது எனக்குத் தோணவே இல்லை அத்தை!" அப்படி ஒரு சந்தோஷத்தை அவள் முகத்தில் அங்கே யாரும் பார்த்ததில்லை.

வேனில் வீடு திரும்பும்போது சண்டை ஆரம்பித்தது.

"காப்பாத்தினாளா இல்லையா? நான்தான் ஜெயிச்சேன்."

"வீட்டுக்கு வந்தானா அத்தை? வரலையே. அப்ப எனக்குப் பாதி."

"உயிரோட இருக்கான்ல? தினம் பார்த்துக்கலாம்ல? அது போதாதா?"

வேன் சிக்னலில் நின்றது. மாமியார் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்: "என் பிள்ளை இருந்திருந்தா இந்தத் தொடரைப் பார்த்திருக்கவே மாட்டான். லிஃப்டுன்னாலே அவனுக்குப் பயம். சின்ன வயசுல ஒரு தடவை மாட்டிக்கிட்டு அந்தக் கட்டடமே இடிஞ்சு விழற மாதிரி கத்தினான்."

"என்கிட்ட, உடம்புக்கு நல்லதுன்னு படி ஏறறேன்னுல்ல சொன்னார்!"

"அப்படியா சொன்னான்? திருட்டுப்பய!"

அவள் சிரித்தாள், மாமியாரும் சிரித்தார். சிரிப்பு நிற்கவில்லை, கண்ணீர் வந்த பிறகும் நிற்கவில்லை. சிக்னல் பச்சையானது வேன்காரருக்குத் தெரியவில்லை. பின்னால் நின்ற வண்டி ஹாரன் அடித்த பிறகுதான் நகர்த்தினார்.

மறுவாரம் மேடம் மாமியாருக்குச் சொல்லி அனுப்பினார். கிழிந்த உறைகளையும் விரிப்புகளையும் தைத்துக் கொடுக்க வாரத்தில் மூன்று நாள் வர முடியுமா என்று கேட்டார். மாமியார் யோசிப்பதுபோல நடித்துவிட்டுச் சம்மதித்தார். இப்போது ஜன்னலோரம் ஒரு தையல் இயந்திரம் இருக்கிறது. தேநீர் நேரத்தில் அதைச் சுற்றித்தான் கூட்டம்.

"ஆபரேட்டரை வெளியே கொண்டுவர ஒரே வழிதான் இருக்கு" என்று தொடங்குவாள் அடுத்தவாரம் அக்கா. "கட்டடத்தையே இடிக்கணும்."

"இடிச்சா உள்ளே இருக்கறவன் என்ன ஆவான்? மூளை இருக்கா உனக்கு?" என்பார் மாமியார், ஊசியில் நூல் கோத்துக்கொண்டே.