ஏழாம் முறை கரை சேர்ந்த படகு

ராமேஸ்வரம் செல்லும் ரயிலில் எதிரே அமர்ந்திருந்த அந்த இளம்பெண், தாம் உருவாக்கிவரும் கைப்பேசிப் படகு விளையாட்டைப் பயணிகளிடம் கொடுத்துச் சோதித்துக்கொண்டிருந்தார். கழுத்தில் சிறு சிலுவை. ஆடுபவர் தோற்கும்போது அந்தப் பெண் திரையைப் பார்ப்பதில்லை, ஆடுபவரின் முகத்தைத்தான் பார்ப்பார்.

"படகை ஓட்டச் சொல்றியா, கவுக்கச் சொல்றியா?" என்று பக்கத்திலிருந்தவர் கைப்பேசியைத் திருப்பித் தந்தார்.

"எல்லாருமே மூணாந்தடவையில விட்டுர்றாக. நீங்களும் விட்டுட்டா இதைத் தூக்கிப் போட்டுருவேன் சார்" என்று அந்தப் பெண் அதை என்னிடம் நீட்டினார்.

மனைவி மறைந்த பின் நான் செய்தித்தாளின் ஒரு பக்கத்தைக்கூட முழுமையாகப் படித்ததில்லை. மூன்று முறை படகு பாறையில் மோதியது. நான்காம் முறையும் தொடங்கினேன்.

"ஏன் சார் விடல?"

"பாறை இருக்கிற இடத்துல தண்ணி கறுத்துத் தெரியுதும்மா. நான்தான் கவனிக்கல. தப்பு என்னோடது."

"அப்படித்தான் சார்! எங்க அய்யா கடல்ல பாறையைக் கண்டுக்கிறதே அந்தக் கறுப்பை வச்சுத்தான். நேத்துதான் அதைச் சேத்தேன். பாறையைக் கொஞ்சம் தள்ளி வைக்கவா?"

"வேண்டாம். அங்கேயே இருக்கட்டும்."

ஏழாம் முறை படகு கரை சேர்ந்தது. நிமிர்ந்து, "பாம்பன் பாலம் எப்பம்மா வரும்?" என்று கேட்டேன்.

"அது அப்பவே போயிருச்சு சார்!"

தாமே வென்றவர்போல் அவர் இரு கைகளையும் உயர்த்தினார். அந்த ஆண்டில் வேறு எவரையும் நான் மகிழ்வித்ததாக நினைவில்லை.